சாவி யாரிடம் இருக்கிறது?

ஊரில் இருந்த ஒரே கடையையும் மூடிவிட்டார்கள். நாமே ஒன்று நடத்தலாம் என்று கூட்டம் போட்டோம். சம்பளம் கிடையாது, முறை போட்டுக்கொண்டு நாமே நிற்க வேண்டும், யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டதும் அறுபது கைகள் உயர்ந்தன. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மறுவாரம் கிழமையும் நேரமும் கட்டம் போட்ட தாளை நீட்டினேன். பெயர் எழுதியவர்கள் 14 பேர்.

இதுபோல யாராவது தொடங்கப்போகிறீர்கள் என்றால் உயர்ந்த கைகளை எண்ணாதீர்கள். தாளில் விழுந்த பெயர்களை எண்ணுங்கள். காலை மூன்று மணி நேரம், மாலை மூன்று மணி நேரம், ஒவ்வொரு வேளைக்கும் இரண்டு பேர், வாரத்தில் ஆறு நாள் என்றால் 24 இடங்கள். ஆளுக்கு வாரம் ஒரு வேளை என்றாலே 24 பேர் வேண்டும். காய்ச்சல், கல்யாணம், பிள்ளைக்குப் பரீட்சை என்று நின்றுபோகிறவர்களுக்கு மாற்றாக இன்னும் ஏழெட்டுப் பேர். நாங்கள் 14 பேரை வைத்துக்கொண்டு ஆறு நாளும் திறந்தோம். இரண்டாம் மாதமே மூன்று பேர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம்தான் மாலை வேளையை மூன்று நாளாகக் குறைத்தோம். குறைத்ததால் வியாபாரம் பெரிதாக ஒன்றும் விழவில்லை, முதலிலேயே செய்திருக்கலாம்.

இடம் பிடித்தது, வெள்ளையடித்தது, அலமாரி மாட்டியது எல்லாம் பத்தே நாளில் முடிந்தது. சங்கமாகப் பதிவு செய்ததும் சிக்கலில்லாமல் போனது.

சிக்கல் வங்கியில் காத்திருந்தது. சங்கத்தின் பெயரில் கணக்குத் திறக்கத் தீர்மான நகல் வேண்டும் என்றார்கள், கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்தவர் ஐந்து நிமிடம் படித்துவிட்டு, "பதிவுச் சான்றிதழில் 'பொதுக்கடை' என்று சேர்த்து எழுதியிருக்கிறது, தீர்மானத்தில் 'பொதுக் கடை' என்று பிரித்து எழுதியிருக்கிறீர்கள்" என்று திருப்பித் தந்தார். ஒரு இடைவெளிக்காக மறுபடி செயற்குழுவைக் கூட்டித் தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். இரண்டாவது முறை போனால், கையெழுத்துப் போடும் மூன்று பேரும் நேரில் வர வேண்டுமாம். முதல் தடவையே சொல்லியிருக்கக்கூடாதா என்று கேட்டதற்கு, "நீங்கள் கேட்கவில்லையே" என்றார். மூன்று பேரில் ஒருவர் வெளியூரில். மூன்றாவது பயணத்தில்தான் வேலை முடிந்தது.

போக்குவரத்துச் செலவுகூடப் பரவாயில்லை. அதுவரை ஊர்க்காரர்கள் போட்ட பங்குப் பணம் பொருளாளரின் சொந்தக் கணக்கில் கிடந்தது. ஆறு வாரம். அவர் நேர்மையானவர், ஒரு காசு தொடவில்லை. ஆனாலும் டீக்குடிக்கிற இடத்தில் பேச்சு வந்துவிட்டது. அந்த மனுஷர் அடுத்த ஆண்டு பொறுப்பே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார். ஆகவே முதலில் வங்கிக் கணக்கு, அப்புறம் வசூல். சங்கத்தின் பெயரைச் சான்றிதழைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். யார் யார் நேரில் வர வேண்டும், என்னென்ன தாள் வேண்டும் என்பதை முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தராசு விஷயம் அதைவிட வெட்கக்கேடு. ஒரு அம்மா தன் வீட்டுச் சமையலறைத் தராசை ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தார். நாங்களும் அதில்தான் எடை போட்டு விற்றுக்கொண்டிருந்தோம். ஆய்வுக்கு வந்தவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, முத்திரை எங்கே என்றார். விற்பனைக்குப் பயன்படுகிற தராசைச் சோதித்து முத்திரை போட்டிருக்க வேண்டும் என்பது எங்கள் யாருக்குமே தோன்றவில்லை. நல்லவேளை, எச்சரிக்கையோடு விட்டார். முத்திரைத் தராசு வரும்வரை பொட்டலம் கட்டி வந்த சரக்கை மட்டும் விற்றோம். அந்த அம்மாவிடம் தராசைத் திருப்பிக் கொடுக்கத்தான் ஆளில்லை. கடைசியில் நானே போனேன்.

அடுத்தது லாபக் கணக்கு. நூறில் இருபது நிற்க வேண்டும் என்று முடிவு செய்து, வாங்கிய விலையோடு இருபது சதவீதம் சேர்த்து விலைச்சீட்டு ஒட்டினோம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் மின்கட்டணத்துக்கே பணம் பற்றவில்லை. கணக்கு தெரிந்த ஒரு கல்லூரிப் பெண் சிரித்துக்கொண்டே விளக்கினாள்: நூறுக்கு வாங்கி 120க்கு விற்றால் விற்பனையில் நிற்பது இருபது சதவீதம் இல்லை அண்ணா, 16.7தான். இருபது நிற்க வேண்டுமானால் 25 சதவீதம் ஏற்ற வேண்டும். ஆட்கூலி இல்லாத கடைதானே என்ற தைரியத்தில் இருந்தோம். உறைபெட்டிக்கு (ஃப்ரீசருக்கு) அது தெரியுமா? இரவு பகலாக ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த உறைபெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு சனிக்கிழமை மாலை யாரோ கைப்பேசிக்குச் சார்ஜ் போடுவதற்காக அதன் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை திறந்தபோது தரையெல்லாம் தண்ணீர். மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டிய சரக்கு முழுவதையும் குழி தோண்டிப் புதைத்தோம். காப்பீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, வெப்பநிலைப் பதிவேடு இருக்கிறதா என்பது. இல்லை. சரி, பணமும் இல்லை. இப்போது திறக்கும்போது ஒரு முறை, பூட்டும்போது ஒரு முறை எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். அந்தப் பிளக்கின் மேல் டேப் சுற்றி, தொட்டால் கை இருக்காது என்று எழுதி வைத்திருக்கிறேன். யார் பிடுங்கினார்கள் என்பது இன்றுவரை தெரியாது. எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, சொல்லமாட்டேன்.

கடன் கொடுப்பதில்லை என்று முதல் நாளே எழுதி ஒட்டியிருந்தோம். ஆனால் கல்லாவில் நிற்பவர் பக்கத்து வீட்டுக்காரர், கேட்பவர் எதிர்வீட்டுக்காரர் என்றால் அட்டை என்ன செய்யும்? ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் கடன் எழுதினார்கள். நான்காம் மாதம் சீட்டுகளைச் சேர்த்துக் கூட்டினால் ஒரு வாரக் கொள்முதலுக்கான பணம் அதில் கிடந்தது. 1844ல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுக் கடை வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்மீல், மெழுகுவர்த்தி என்று கையளவு சரக்கோடுதான் திறந்ததாம். அவர்கள் பிடிவாதமாகக் காசுக்கு மட்டும்தான் விற்றார்கள். இதை நான் கூட்டத்தில் சொன்னதற்கு, "அவங்க ஊரில் என் மாமியார் இல்லையே" என்றார் ஒருவர். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம். முன்பணம் கட்டி வைத்துக்கொண்டு கழித்துக்கொள்ளலாம், கடன் மட்டும் கிடையாது. மறுக்கிற பொறுப்பை என் தலையில் போடச் சொல்லிவிட்டேன். "அவர் திட்டுவார்" என்று என்னைச் சாக்குச் சொல்கிறார்கள். வேலை நடக்கிறது.

ஒரே ஒரு வெற்றியையாவது சொல்லிக்கொள்கிறேன். தொடங்கிய நாளிலிருந்து குறை சொல்லிக்கொண்டே இருந்த ஒரு பெரியவர். பழைய சரக்கு பின்னால், புதுச் சரக்கு முன்னால் அடுக்கியிருக்கிறீர்கள், தேதி முடிந்த பாக்கெட்டு எனக்குத்தான் கிடைக்கிறது என்று தினமும் சத்தம். ஒருநாள் எரிச்சலில், "நீங்களே அடுக்குங்கள் ஐயா" என்றேன். மறுநாள் காலை ஆறரைக்கு வாசலில் நின்றார். இப்போது தேதி பார்ப்பதும் அடுக்குவதும் அவர் வேலை. தேதி நெருங்கியதை எல்லாம் பாதி விலைக்குத் தனிக்கூடையில் போடுகிறார். தூக்கி எறிகிற சரக்கு பாதியாகக் குறைந்துவிட்டது. குறை சொல்வது மட்டும் குறையவில்லை.

சாவிக் கதை இன்னும் முடியவில்லை. முதலில் மூன்று சாவி செய்து மூன்று பேரிடம் கொடுத்தோம். ஒருவர் சாவியோடு கல்யாணத்துக்குப் போய்விட்டார், ஒருவர் தொலைத்துவிட்டார், மூன்றாமவர் தூங்கிவிட்டார். பால் வண்டி அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. இப்போது கதவுக்குப் பக்கத்தில் எண்பூட்டு வைத்த சின்னப் பெட்டிக்குள் சாவி இருக்கிறது. நான்கு இலக்க எண். போன வாரம் பள்ளிக்கூடம் போகிற ஒரு பையன் அந்த எண்ணை என்னிடம் ஒப்பித்தான். மாற்ற வேண்டும். மாற்றினால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற பட்டியல் கடைக்குள்ளேதான் எங்கேயோ இருக்கிறது.