சருகுக்குள்ள கேட்ட சீறல்

காலைல ஆறரை மணி இருக்கும், விடியக்கால தூறல்ல காட்டுப் பாதை பூரா சருகு நனைஞ்சு கெடந்துச்சு, நாங்க மூணு பேரு, முன்னாடி கைடு அண்ணன், அவருக்குப் பின்னாடி நான் மேல ஏதோ குருவி சத்தம் கேக்குதேன்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே நடந்தேன். திடீர்னு குக்கர்ல ஆவி போற மாதிரி "உஸ்ஸ்ஸ்"னு நீளமா ஒரு சத்தம், அதுவும் தரையிலேர்ந்து.

அண்ணன் கையைப் பின்னாடி நீட்டி என்னை நிறுத்திட்டாரு. "தம்பி, அப்படியே நில்லுங்க, கால எடுக்காதீங்க."

எனக்கு சருகுதான் தெரிஞ்சுது. அவரு பாக்குற இடத்தையே உத்துப் பாத்தப்புறம்தான் அந்தச் சருகுல ஒரு பகுதி மூச்சு விடுதுன்னு புரிஞ்சுது. கண்ணாடி விரியன்! 8 அடி தள்ளி சுருண்டு கெடக்கு, நல்ல தடிச்ச உடம்பு, முதுகுல கரும்பழுப்பு வட்டங்க சங்கிலி கோத்த மாதிரி வரிசையா, ஒவ்வொரு வட்டத்துக்கும் கருப்பு விளிம்பு. ஒவ்வொரு தடவை சீறும்போதும் உடம்பு உப்பி செதிலுக்கு நடுவுல தோல் தெரியுது. எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது, ஆனா கண்ண எடுக்க முடியல, அவ்ளோ அழகு.

பின்னாடி வந்த ஃப்ரெண்டு "மலைப்பாம்பு குட்டிடா"ன்னு மொபைலைத் தூக்கிட்டு முன்னாடி வரப் பாத்தான். அண்ணன் குரலை உயர்த்தாமலே தடுத்தாரு. இப்படி மலைப்பாம்புன்னு நினைச்சு கிட்ட போய்தான் பலபேரு கடி வாங்குறாங்களாம். "அது சீறுதுன்னா நம்மள வரவேணாம்னு சொல்லுது தம்பி. கடைசில நிக்கிறவரு முதல்ல நகருங்க, பின்னாடி தரையப் பாத்து மெதுவா அடி வைங்க." ஒருத்தர் ஒருத்தரா ஒரு 20 அடி பின்னாடி போய் நின்னோம், கல்லு எறியல, குச்சி எடுக்கல.

காத்துட்டு இருந்தப்ப, கடிச்சிருந்தா என்னண்ணே பண்ணியிருப்பீங்கன்னு கேட்டேன். கயிறு கட்டக்கூடாது, கீறக்கூடாது, வாய வச்சு உறியக்கூடாது, மோதிரம் வாட்ச் இருந்தா வீங்குறதுக்குள்ள கழட்டிட்டு, கடிபட்ட கை காலை அசையாம வச்சு, ஆள நடக்க விடாம தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரில சேக்கணும், விஷமுறிவு ஊசி ஒண்ணுதான் மருந்துன்னாரு. இந்தியாவுல போடுற அந்த ஊசி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்னு நாலு பாம்பு விஷத்துக்கும் சேத்து தயாரிக்கிறதுதான், அதனால பாம்பைத் தேடிப் புடிச்சு எடுத்துட்டுப் போகணும்னு நேரத்தை வீணாக்கவே கூடாது. உலகம் பூரா வருஷத்துக்கு சுமார் 54 லட்சம் பேரை பாம்பு கடிக்குதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, செத்துப்போறவங்க 81,000லேர்ந்து 1,38,000 வரைக்கும். இதப் படிச்சப்ப வெறும் நம்பரா இருந்துச்சு, அந்தச் சத்தத்தைக் கேட்டப்புறம் அப்படி இல்ல.

ஒரு பத்து நிமிஷத்துல சீறல் நின்னுச்சு. சுருள் மெதுவாப் பிரிஞ்சு, அவசரமே இல்லாம புதருக்குள்ள போச்சு. இன்னும் கொஞ்ச நேரம் நின்னுட்டு, நல்லா விலகி சுத்திக் கடந்தோம். தூரத்துலேர்ந்தே தெரிஞ்சுது, சுத்தி எல்லாம் ஈரம், அது கெடந்த இடம் மட்டும் வட்டமா காஞ்சு கெடந்துச்சு.