அயித்தையோட அப்பத்தா

அக்கா அமெரிக்கா போயி அங்கயே கல்யாணம் பண்ணி பதினோரு வருஷம் ஆச்சு. மச்சான் ஓக்லஹோமாக்காரர். அவரோட அம்மாவ நான் அயித்தைன்னுதான் கூப்பிடுவேன், எங்க ராமநாதபுரம் பக்கம் அக்கா மாமியார வேற எப்படிக் கூப்பிடுறது, அவங்களுக்கும் அது பிடிச்சுப்போயி இப்ப வாய்ஸ் மெசேஜ் ஆரம்பிக்கிறப்பவே "அயித்தை பேசுறேன்"னு தமிழ்ல சொல்லிட்டுத்தான் இங்கிலீஷுக்குப் போவாங்க. 74 வயசு. போன சித்திரைல ஒரு ராத்திரி அவங்ககிட்ட இருந்து மெசேஜ். நீ பழைய பத்திரமெல்லாம் படிக்கிற பொண்ணாமே, எங்க அப்பாவப் பெத்தவளக் கண்டுபிடிச்சுத் தருவியான்னு கேட்டிருந்தாங்க.

நான் கீழக்கரைல ஒரு பத்திர எழுத்தர்கிட்ட ஒன்பது வருஷமா வேலை பார்க்குறேன். வில்லங்கம் போட்டுப் பார்க்குறது, மூலப்பத்திரத்துல இருக்குற கோழிக்கிறுக்கல் கையெழுத்தப் படிச்சு டைப் அடிக்கிறது, இதான் தினமும். அமெரிக்கால ஒருத்தங்களத் தேட இது போதுமான்னு எனக்கு பயம்தான். ஆனா அவங்க கேட்ட குரல் அப்படி இருந்துச்சு, மாட்டேன்னு சொல்ல வாய் வரல.

அவங்களுக்குத் தெரிஞ்சது ரொம்பக் கொஞ்சம். அவங்க அப்பா பிறந்தது 1911. அவருக்கு மூணு வயசுல அம்மா காய்ச்சல்ல செத்துட்டாங்கன்னு சொல்லித்தான் வளர்த்தாங்க. அந்தம்மா செரோக்கி. அப்பாவோட பெரியம்மா ஒருத்தங்க கடைசி காலத்துல படுக்கைல கெடக்குறப்ப திடீர்னு சொல்லிருக்காங்க, அவ சாகல, ரெண்டாவது பிள்ளை பிறந்து தங்காமப் போனதுல இருந்து பேச்ச நிறுத்திட்டா, பைத்தியக்கார ஆஸ்பத்திரில கொண்டுபோயி விட்டுட்டாங்கன்னு. அப்பா அதக் கேட்டு எந்திரிச்சு வெளிய போயிட்டாராம். அதுக்கப்புறம் அந்த வீட்டுல யாரும் அந்தப் பேச்ச எடுக்கவே இல்ல.

செரோக்கின்னா யாருன்னு தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் சொல்லிடுறேன். அவங்க பாஷைல அவங்க சலகி. அமெரிக்காவோட தென்கிழக்குல, ஜார்ஜியா, டென்னசி, வட கரோலினா பக்கம் இருந்த ஜனங்க. 1838, 39ல ராணுவத்த வச்சு ஊரவிட்டுக் கெளப்பி ஆயிரம் மைலுக்கு அந்தாண்ட இப்ப ஓக்லஹோமான்னு சொல்ற எடத்துக்கு அனுப்புனாங்க, கிட்டத்தட்ட 16,000 பேர், அதுல 4,000 பேர் வழிலயும் முகாம்லயும் செத்துப்போனதா கணக்கு சொல்றாங்க. கண்ணீர்ப் பாதைன்னு அதுக்குப் பேரு. அவங்களுக்கு ஏழு குலம், குலம் தாய்வழிலதான் வரும். எங்க பக்கம் கொண்டையங்கோட்டை மறவர்கள்ல கிளை அம்மா வழியா வர்ற மாதிரியேதான். இத அயித்தைகிட்ட சொன்னப்ப ரெண்டு நிமிஷம் பேசாம இருந்தாங்க. அப்பா வரைக்கும் வந்த குலம் எனக்கு வராமப் போச்சு பாருன்னாங்க.

எங்க ஆபீஸ்ல முதலாளி எனக்கு மொத வாரம் சொல்லிக்குடுத்தது, பேரப் பார்த்து ஆளத் தேடாத, நிலத்தப் பார்த்துத் தேடு. ஒரே ஆளு ஒரு பத்திரத்துல ராமு, அடுத்ததுல ராமன், இன்னொண்ணுல இராமசாமின்னு இருப்பாரு, நாலு மால், அதாவது நிலத்தோட நாலு எல்லை, அவ்வளவு சீக்கிரம் மாறாது. அயித்தை விஷயத்துலயும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். செரோக்கி ஜனங்களுக்கு நிலம் பொதுவா இருந்துச்சு, தனி ஆளு பேர்ல பட்டா கெடையாது. அத உடைச்சு ஆளாளுக்குப் பங்கு போடணும்னு அமெரிக்க கவர்மெண்ட் முடிவு பண்ணி, அதுக்காக 1898ல இருந்து 1907 வரைக்கும் டாஸ் கமிஷன்னு ஒண்ணு பேர் எழுதுச்சு. செரோக்கி, சாக்டா, சிக்கசா, கிரீக், செமினோல் அஞ்சு ஜனங்களும் சேர்ந்து லட்சத்துக்கு மேல பேரு. செரோக்கி ஆளு ஒருத்தருக்கு சராசரியா 110 ஏக்கர். இன்னைக்கும் செரோக்கி நேஷன்ங்கிற அவங்க அரசாங்கத்துல சேரணும்னா அந்த லிஸ்ட்ல உங்க முன்னோர் ஒருத்தர் இருந்தாகணும்.

கமிஷன் பேர் எழுதுன கார்டெல்லாம் ஸ்கேன் பண்ணி நெட்லயே இருக்கு. மூணு வாரம் ராத்திரி ராத்திரியா உக்காந்தேன். அவங்களுக்குக் காலைல பத்துன்னா நமக்கு ராத்திரி எட்டரை, சாப்பிட்டு முடிச்சு பாய் விரிச்சு போன சுவத்துல சாச்சு வச்சுக்கிட்டு ரெண்டு பேருமா ஒவ்வொரு பேரா பார்ப்போம். புருஷன் பேர வச்சுத் தேடி ஒண்ணும் வரல, அப்புறம் பெரியம்மா பேர வச்சுத் தேடுனோம், அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஒரே கார்டுல இருந்தாங்க. பழுப்பு நிறத்துல கட்டம் போட்ட அட்டை, மை தொட்டு எழுதுனது, 'எஸ்' எழுத்து வாத்துக் கழுத்து மாதிரி வளைஞ்சிருக்கு. பேரு, வயசு 19, பொண்ணு, அடுத்த கட்டத்துல ரத்தம்னு தலைப்பு போட்டு அதுக்குக் கீழ 1/2, அதாவது பாதிதான் செரோக்கி ரத்தம்னு. எனக்கு அத பார்த்ததும் உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. மனுஷிய அரைன்னு எழுதிருக்காங்க. அந்த பின்னம் சும்மா எழுதுனது இல்ல, அதுதான் பின்னாடி அவங்க நிலத்துக்கு வினையா வந்துச்சு.

அதுக்கு முன்னாடி இன்னொரு காகிதம் பத்தி சொல்லணும், எனக்கு இந்த மொத்தத் தேடல்ல கெடைச்ச பெரிய பொக்கிஷம் அதுதான். பழைய உடன்படிக்கைப் பணத்த கிழக்கு செரோக்கி வாரிசுங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கணும்னு ஒரு கேஸ் ஜெயிச்சு, அதுக்கு 1906, 07ல ஜனங்க மனு போட்டாங்க, கயான் மில்லர்னு ஒருத்தர்தான் பார்த்தாரு, 45,000க்கும் மேல மனு. அந்த பாரத்துல இங்கிலீஷ் பேருக்கு ஒரு கோடு, இந்தியப் பேருக்கு, அதாவது செரோக்கி பாஷைப் பேருக்கு, ஒரு கோடு, அப்பா அம்மா பேரு, தாத்தா பாட்டி பேரு, கூடப் பிறந்தவங்க, 1851ல உங்க ஆளுங்க எங்க இருந்தாங்க, எல்லாம் கேட்பாங்க. இவங்க மனுவும் இருந்துச்சு. இந்தியப் பேரு கட்டம் காலியா இல்ல. அடியில கையெழுத்து செரோக்கி எழுத்துல போட்டிருந்தாங்க. செக்வோயான்னு ஒருத்தர் 1821ல உருவாக்குன எழுத்து அது, இங்கிலீஷ் மாதிரி தனித்தனி ஒலி இல்ல, நம்ம க கா கி மாதிரி ஒரு அசைக்கு ஒரு எழுத்து, இப்ப 85 இருக்கு. கடைசி எழுத்த முடிக்கிறப்ப ஒரு சின்ன சுழி இழுத்துவிட்டிருக்காங்க. நான் எத்தனையோ ஆயிரம் கைநாட்டும் கையெழுத்தும் பார்த்தவ, அந்த சுழி நல்லா எழுதத் தெரிஞ்ச, எழுதுறதுல சந்தோஷப்படுற ஒருத்தியோட சுழி. அயித்தை ஸ்க்ரீன்ல அந்த எழுத்துமேல விரல வச்சு அப்படியே இருந்தாங்க. அப்பத்தா எழுதத் தெரியாதவன்னுதான் வீட்டுல சொல்லிக் கேட்டிருந்தாங்களாம்.

1910 சென்சஸ்ல புருஷனோட வீட்டுல இருக்காங்க. 1920ல அந்த வீட்டுல புருஷன், பையன், புதுசா ஒரு பொண்டாட்டி. இவங்க வேற ஒரு ஊர்ல, அரசாங்க மனநோய் ஆஸ்பத்திரில, பக்கம் பக்கமா நோயாளிகள் பேரா போகுற லிஸ்ட்ல நடுவுல ஒரு வரி. பேர்ல ரெண்டு எழுத்து தப்பு. 1930லயும் அதே எடம், வேற ஒரு தப்பு. 1940ல இல்ல. அதுக்கு நடுவுல போய்ச் சேர்ந்துட்டாங்க. பத்து வருஷத்துக்கு ஒரு வரி.

அயித்தை மொதல்ல பயந்தது கேன்டன்னு ஒரு எடத்த நெனைச்சு. தெற்கு டகோட்டால பூர்வகுடி ஜனங்களுக்குன்னே தனியா ஒரு பைத்தியக்கார ஆஸ்பத்திரி 1902ல ஆரம்பிச்சு 1934 வரைக்கும் நடத்துனாங்க. வாஷிங்டன்ல இருந்து சாமுவேல் சில்க்னு ஒரு டாக்டர் 1929லயும் 1933லயும் போயி சோதனை பண்ணாரு, அங்க இருந்தவங்கள்ல நெறைய பேருக்கு மனநோய்க்கான அறிகுறியே இல்லன்னு எழுதுனாரு, கட்டிப்போட்டு வச்சிருந்ததையும் எழுதுனாரு. அங்க செத்தவங்க 121 பேர பொதைச்ச எடம் இப்ப ஒரு கோல்ஃப் மைதானத்துக்குள்ள இருக்கு. பேரெல்லாம் ஒரே பலகைல. அந்த 121 பேரையும் ஒண்ணு விடாம ஒரு ராத்திரி வாசிச்சோம். அவங்க இல்ல. நிம்மதின்னும் சொல்ல முடியல, ஒவ்வொரு பேருக்கும் யாரோ ஒரு பேத்தி இருப்பா இல்ல.

இதுல எனக்கு மனசுல தங்கிப்போன ஒண்ணு, செரோக்கி ஜனங்க தங்களுக்குன்னு முன்னாடியே ஒரு எடம் வச்சிருந்தாங்க. 1873ல அவங்க சட்டசபைலயே சட்டம் போட்டு, கண் தெரியாதவங்க, காது கேட்காதவங்க, மனசு சரியில்லாதவங்க எல்லாருக்கும் தலைநகர் தாலெக்வாவுக்குப் பக்கத்துல ஒரு இல்லம், 1877ல திறந்தாங்க. 1907ல ஓக்லஹோமா மாநிலம் ஆனப்ப அவங்க அரசாங்கத்தோட கைல இருந்த அதிகாரம் பெரும்பாலும் போயிருச்சு. அயித்தையோட அப்பத்தாவுக்கு அந்த வியாதி பத்து வருஷம் முன்னாடி வந்திருந்தா சொந்த ஜனங்களே பார்த்திருப்பாங்க, சொந்த பாஷை காதுல விழுந்திருக்கும்.

சரி, நிலம். அயித்தை தானே கார எடுத்துக்கிட்டு கவுண்டி (நம்ம ஜில்லா மாதிரி) கோர்ட்டுக்குப் போயி அப்பத்தா பைல்ல பதினாலு பக்கம் போட்டோ எடுத்து அனுப்புனாங்க. நான் அத நம்ம ஆபீஸ்ல வாரிசு தகராறு பைல பிரிச்சு வைக்கிற மாதிரி தேதி வரிசைல அடுக்குனேன். அடுக்குனதும் புரிஞ்சுபோச்சு. 1908ல வந்த ஒரு சட்டத்துல, பாதி ரத்தம்னு எழுதுனவங்களுக்கு வீட்டு நிலம் தவிர மிச்ச நிலத்த விக்கிறதுக்கு இருந்த தடைய எடுத்துட்டாங்க, அதே சட்டம் மைனர் பிள்ளைங்க சொத்த உள்ளூர் கோர்ட்டுகிட்ட ஒப்படைச்சுச்சு. கார்டியன்னு பேரு போட்டுக்கிட்டு எத்தனையோ பேரு பிள்ளைங்க சொத்தையும், பார்த்துக்கத் தெரியாதவங்கன்னு கோர்ட்டு சொன்னவங்க சொத்தையும் சூறையாடுனாங்க, 1924ல கெர்ட்ரூட் பானின்னு ஒரு டகோட்டா பூர்வகுடிப் பெண்மணி இன்னும் ரெண்டு பேரோட நேர்ல போயி விசாரிச்சு இத அறிக்கையாவே வெளியிட்டாங்க. இந்த பைல்லயும், இவ தன் சொத்தப் பார்த்துக்கத் திறமை இல்லாதவன்னு ஒரு மனு. கார்டியனா ஊர்ல கடை வச்சிருந்த ஒரு ஆளு. ஏழு மாசத்துல நிலம் கிரயம் ஆகுது. கிரயம் முடிஞ்ச அடுத்த மாசம் ஆஸ்பத்திரில சேர்க்க உத்தரவு. அவங்களுக்கு மனசு நொந்துபோயிருந்துச்சு, அத நான் இல்லைங்கல, பிள்ளைய மண்ணுக்குள்ள வச்சவ பேச்ச நிறுத்துறதுல என்ன அதிசயம். ஆனா வைத்தியம்தான் முக்கியம்னா உத்தரவு மொதல்ல வந்திருக்கணும், கிரயம் பின்னாடி வந்திருக்கணும்.

இதெல்லாம் அயித்தைகிட்ட சொல்லி முடிச்ச அன்னைக்கு அவங்க அழல. உங்க வீட்டுல இப்படி யாராச்சும் உண்டான்னு கேட்டாங்க.

உண்டு. எங்க அப்பத்தாவோட அக்கா. எங்க ஊரு ஏர்வாடில இருந்து ஆறு கிலோமீட்டர். சின்னப் பிள்ளைல தர்காவுக்குப் போறப்ப சங்கிலிச் சத்தம் கேட்டுக்கிட்டே வளர்ந்தவங்க நாங்க, எந்த சாதி எந்த மதம்னு இல்லாம எல்லா ஊர்ல இருந்தும் மனசு சரியில்லாதவங்கள அங்க கொண்டாந்து விடுவாங்க, கனவுல உத்தரவு வந்தாத்தான் கூட்டிட்டுப் போவாங்க. 2001 ஆகஸ்ட் 6 விடியக்காலைல அங்க ஒரு தனியார் காப்பகத்துல தீப்பிடிச்சு, சங்கிலில கெடந்ததால ஓட முடியாம 28 பேர் செத்தாங்க. நான் அப்ப நாலாப்பு. அப்பா சைக்கிள எடுத்துக்கிட்டுப் போயிட்டு மத்தியானம் வந்து திண்ணைல உக்காந்தவரு சாப்பிடவே இல்ல. அப்பத்தா மட்டும் உள்ள இருந்துக்கிட்டு "எங்கக்கா அப்பவே போயிட்டா, புண்ணியவதி"ன்னாங்க. அவ்வளவுதான் நான் அவங்களப் பத்திக் கேட்டது. இப்ப சங்கிலிக்குத் தடை, 2017 மனநலச் சட்டத்துல யாரையும் எந்த விதத்துலயும் சங்கிலி போடக்கூடாதுன்னே இருக்கு, தர்காவுலயே அரசு டாக்டரும் மருந்தும் உண்டு, துஆங்கிற பிரார்த்தனையும் உண்டு. ஆனா என் அப்பத்தாவோட அக்காவுக்கு ஒரு அட்டை இல்ல, மனு இல்ல, சென்சஸ்ல ஒரு வரிகூட எடுக்க வழியில்ல. வீட்டுல எல்லாரும் "அந்தப் பெரியவ"ன்னுதான் சொல்வாங்க. பேரு என்னன்னு அயித்தை கேட்டாங்க, தெரியலன்னு சொல்றப்ப எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. நூறு வருஷத்துக்கு முந்தின ஓக்லஹோமாக்காரி பேர எழுத்துக்கூட்டி வாசிச்சவ நான்.

மறுநாள் அப்பாகிட்ட கேட்டேன். உனக்கு எதுக்குத்தா அதெல்லாம்னாரு. விடல. வலைய பிரிச்சுக்கிட்டே இருந்தவரு கைய நிறுத்திட்டு சொன்னாரு. நம்புநாயகி அம்மனுக்கு வேண்டிக்கிட்டு வைக்கிற பேரு, எங்க கடற்கரைல தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். எனக்கும் மொதல்ல அதத்தான் வைக்கணும்னு அப்பத்தா சொன்னாங்களாம், தாத்தாதான் வேண்டாம்னு மறிச்சாராம். நல்லா கும்மி பாடுவாங்களாம், சங்கு குளிக்கப் போன புருஷன் திரும்பல, அதுல இருந்துதான்னாரு. அப்புறம் திரும்ப வலைய எடுத்துக்கிட்டாரு.

அன்னைக்கு ராத்திரி அயித்தைக்கு அந்தப் பேர வாய்ஸ்ல அனுப்புனேன். அவங்க மூணு தடவ திருப்பிச் சொல்லி அனுப்பிருந்தாங்க, மூணாவது தடவ 'ம்பு' சரியா வந்துச்சு. அவங்க அப்பத்தாவோட சலகி பேரையும் எனக்கு மெதுவா சொல்லிக்குடுத்தாங்க, நானும் சொல்லிப் பார்த்தேன். கடைசில வாடோன்னாங்க, நன்றின்னு அர்த்தம். ஆஸ்பத்திரி கல்லறைல நம்பர் மட்டும் போட்ட கல்லுங்க இருக்காம், அடுத்த மாசம் அக்காவையும் கூட்டிக்கிட்டு அங்க போறாங்க. நான் இந்த சனிக்கிழமை சாயல்குடில அப்பத்தாவோட சித்தி மக ஒருத்தங்க இருக்காங்க, தொண்ணூறு வயசு ஆகுது, அவங்களப் பார்க்கப் போறேன். அந்தப் பெரியவள எந்த மரத்தடில வச்சிருந்தாங்கன்னு அவங்களுக்குத் தெரியும்னு அப்பா சொன்னாரு.