கேமிங் பிசி வாங்க கிருஷ்ணகிரியிலிருந்து எங்கே போகலாம்?

பிளஸ் டூ முடித்த பையன்களும், அவர்களைவிட அதிகக் கவலையோடு அவர்களின் அப்பாக்களும் என்னிடம் இதைக் கேட்கிறார்கள். வரும்போதே கையில் ஒரு விலைப்பட்டியல் இருக்கும், ஆன்லைனில் இவ்வளவு, பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் இவ்வளவு, ரவுண்டானா பக்கம் இருக்கிற கடையில் இவ்வளவு என்று. விலை சரி, ஒன்றரை வருஷம் கழித்து ஒருநாள் ராத்திரி, கேமின் காட்சிகளை வரைகிற கிராபிக்ஸ் கார்டு படுத்துவிட்டால் அதை யார் கையில் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள்? நம் ஊர்க்காரர்கள் கடையை முடிவு செய்ய வேண்டியது இந்தக் கேள்வியை வைத்துத்தான். இரண்டாயிரம் ரூபாய் முன்னே பின்னே இருப்பது அதற்கு அப்புறம்.

கார்டுக்குப் பொதுவாக மூன்று வருஷ வாரண்டி உண்டு. ஆனால் பழுதானால் யாரும் வீடு தேடி வரமாட்டார்கள். பெரும்பாலான பிராண்டுகளுக்கு, இங்கே இறக்குமதி செய்த விநியோகஸ்தரின் சர்வீஸ் சென்டருக்கு நாம்தான் கார்டைக் கொண்டுபோக வேண்டும், அவை பெரிய நகரங்களில்தான் இருக்கின்றன. காவேரிப்பட்டணத்தில் என் நண்பன் ஒருவன் ஆன்லைனில் மலிவாகக் கார்டு வாங்கினான். அது போனபோது விற்றவர்கள் "கம்பெனியிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்று கையை விரித்துவிட்டார்கள், கொரியரில் அனுப்பி வாரக்கணக்கில் காத்திருந்தான்.

அதனால் கிருஷ்ணகிரி, ஓசூர்க்காரர்கள் கார்டையும், எல்லாப் பாகங்களையும் மாட்டுகிற மதர்போர்டையும் பெங்களூரில் நேரில் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். இங்கிருந்து சுமார் 90 கிலோமீட்டர், ஓசூரிலிருந்து 40, காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பிவிடலாம். பழுதானாலும் அதே பஸ்தான். சென்னை ரிச்சி தெருவில் கடைகளுக்குக் குறைவில்லை, ஆனால் 250 கிலோமீட்டருக்கு மேல், ஒரு கார்டை மாற்ற அவ்வளவு தூரம் எத்தனை தடவை போவது? தர்மபுரிக்காரர்களுக்கு சேலம் கிட்ட இருக்கிறது. வாரண்டி வேலையைத் தானே எடுத்துச் செய்கிற கடை அங்கே கிடைத்தால் பெங்களூர் வரை போகவே வேண்டாம். வாங்குவதற்கு முன்பே "பழுதானால் நீங்களே வாங்கி அனுப்புவீர்களா?" என்று கேளுங்கள். மழுப்பினால் அடுத்த கடை.

எஸ்.பி. ரோட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பல கடைகள் பூட்டியிருக்கும். போனால் "பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்" என்று யாராவது சொல்வார்கள், நானும் கேட்டிருக்கிறேன். அதில் மிச்சமாவது 18 சதவீத ஜிஎஸ்டி, அதோடு போவது வாரண்டி. பில்லில் ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அது வேறு வழியாக வந்த சரக்கு. பழைய கார்டு விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்கிற கிரிப்டோ நாணயம், கார்டுகளை ஓட்டிக் காசு சம்பாதிக்கிற மைனிங் முறையைக் கைவிட்டதும், ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. துடைத்துப் புதுப் பெட்டியில் வைத்தால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம், அரை மணி நேரமாவது கேம் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பிராசஸர், ரேம், எஸ்எஸ்டி மூன்றும் சின்னப் பொருள்கள், சுலபத்தில் கெடாதவை, இவற்றை ஆன்லைனில் தாராளமாக வாங்கலாம். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். போன மாதக் கொட்டேஷனை மட்டும் நம்பிப் போகாதீர்கள், ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டதில் 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது, அதிலிருந்து பட்ஜெட் போடுவதே பெரிய பாடு. மதர்போர்டு எடுக்கும்போது, பின்னால் பிராசஸரை மட்டும் மாற்ற முடியுமா என்று பாருங்கள். 2017-இல் வந்த, ஏஎம்டி பிராசஸருக்கான ஏஎம்4 போர்டுகள் பலவற்றில் பயாஸை (போர்டுக்குள்ளேயே இருக்கிற மென்பொருளை) அப்டேட் செய்துவிட்டு, 2022-இல் வந்த ஏஎம்டியின் 5800எக்ஸ்3டி பிராசஸரை மாட்டி இன்றும் ஓட்டுகிறார்கள்.

அப்போ உள்ளூர்க் கடை எதற்கு? அசெம்பிள் செய்ய, கேபினெட், யூபிஎஸ் வாங்க. ராத்திரி டிஸ்ப்ளே வரவில்லை என்று போன் செய்தால் பைக்கில் வந்து நிற்பவர் அவர்தான். அசெம்பிள் கூலியில் பேரம் பேசாதீர்கள், அது அவருடைய கைவேலைக்கான பணம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள், கேபினெட்டோடு சேர்த்துத் தருகிற எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்குக் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளை) வேண்டவே வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு எடுப்பது 115 வாட்தான், ஆனாலும் மற்ற பாகங்களையும் சேர்த்து 550 வாட் எஸ்எம்பிஎஸ் போடச் சொல்கிறது கார்டின் கம்பெனி. தெரிந்த பிராண்டில், கரண்ட்டை வீணாக்காததற்கான 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze) முத்திரையோடு, தனியாக வாங்குங்கள்.

நம் பக்கம் கரண்ட் எப்படி வருகிறது என்று உங்களுக்கே தெரியும், கிராமத்து லைனில் மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும், ஏறும். 600 விஏ யூபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட், மானிட்டரும் சேர்ந்தால் கேம் நடுவில் கத்த ஆரம்பித்துவிடும். 1000 விஏ-க்குக் குறையாமல் போடுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள், கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்று பிடிக்கிற வீடுகள் நிறைய இருக்கின்றன. கிரானைட் பாலிஷ் பட்டறைப் பக்கம் வீடு என்றால் தூசி ஃபில்டர் உள்ள கேபினெட்தான் சரி, மாதம் ஒருமுறை அதைக் கழற்றித் தட்டிவிடுங்கள்.

பெங்களூரிலேயே அசெம்பிள் செய்து எடுத்துவருவதாக இருந்தால், பஸ் ஏறும் முன் கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் வைத்துவிடுங்கள், ஸ்பீடு பிரேக்கரில் குதிக்கும்போது கார்டின் கனத்தில் அதை மாட்டியிருக்கிற ஸ்லாட் உடைந்துவிடலாம். வீட்டில் மறுபடி மாட்டியதும் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருகுங்கள். புது பிசி கேமில் திணறுகிறது என்று எனக்கு வருகிற போன்களில் பாதி இந்தக் கேபிளால்தான்.