ஆங்கில இலக்கியப் பேப்பருக்கு வார்த்தை சேர்ப்பது: லிஸ்ட்டை விடுங்கள், வருஷத்தைப் பாருங்கள்

ரிசல்ட் வந்த கையோடு எழுதுகிறேன். ஆற விட்டால் எல்லாம் மழுப்பலாகிவிடும். பேப்பர் பேட்டர்ன், யூனிட் பிரிப்பு எல்லாம் உங்களுக்கே தெரியும். வார்த்தைகளை மட்டும் பேசுவோம்.

முதலில் ஒரு எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். அகர வரிசையில் கடின வார்த்தைகளை அடுக்கி விற்கும் புத்தகங்கள் வேறு தேர்வுகளுக்கானவை. இலக்கியப் பேப்பரில் கடினமான வார்த்தை யாரையும் கவிழ்ப்பதில்லை. அது கண்ணை உறுத்தும், அகராதியை எடுப்பீர்கள், அதோடு சரி. தெரிந்ததுதானே என்று தாண்டிப்போகும் வார்த்தைதான் கவிழ்க்கும்.

ஹாம்லெட் முதல் அங்கத்தை எடுங்கள். ஆவி கூப்பிடுகிறது, பின்னால் போகவிடாமல் நண்பர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். 'ஐ'ல் மேக் எ கோஸ்ட் ஆஃப் ஹிம் தட் லெட்ஸ் மீ' என்கிறான் ஹாம்லெட். 'லெட்' என்றால் அனுமதிப்பது என்று படித்தால், தன்னைப் போகவிடுகிறவனைக் கொல்வேன் என்றாகிவிடும். அங்கே அதன் பொருள் தடுப்பது. பாஸ்போர்ட்டுகளில் வரும் 'வித்தவுட் லெட் ஆர் ஹின்ட்ரன்ஸ்' என்ற தொடரில் இன்றும் அதே பழைய 'லெட்' உட்கார்ந்திருக்கிறது.

இன்னும் மோசமானது 'டவுட்'. அதே அங்கத்தில் 'ஐ டவுட் சம் ஃபவுல் ப்ளே' என்று வரும். இன்றைய ஆங்கிலத்தில் 'ஐ டவுட் இட்' என்றால் இருக்காது என்று நினைக்கிறேன் என்று அர்த்தம். ஹாம்லெட் சொல்வது நேர் எதிர்: ஏதோ சதி இருக்கும் போலிருக்கிறது. தமிழில் இரண்டையும் 'சந்தேகம்' என்றே எழுதிவிடலாம் என்பதால் தவறு நடந்ததே தெரியாது.

ஷேக்ஸ்பியருக்கு மட்டும் உடனே மாற்றிக்கொள்ள வேண்டியவை:

பிரெசன்ட்லி - உடனே
ஸ்டில் - பல இடங்களில் 'எப்போதும்'
ஃபாண்ட் - பல இடங்களில் முட்டாள்தனமான
பிரேவ் - பல இடங்களில் அழகான, பகட்டான
வேர்ஃபோர் - ஏன் (எங்கே அல்ல; ஜூலியட் ரோமியோவைத் தேடவில்லை, நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய் என்று கேட்கிறாள்)

ஷேக்ஸ்பியரில் குறிப்புரை இருப்பதால் பாதி தப்பிக்கலாம். நாவலில்தான் மாட்டுவீர்கள், பார்க்க இன்றைய ஆங்கிலம் மாதிரியே இருக்கும். 1813-இல் வந்த, ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் பாதிரியார் மிஸ்டர் காலின்ஸ், தன்னை ஆதரிக்கும் சீமாட்டி லேடி கேத்தரினின் 'கான்டிசென்ஷன்' பற்றி உருகுவார். இன்றைய பொருளில் அது இளக்காரமாக நடத்துவது. சாமுவேல் ஜான்சனின் 1755 ஆங்கில அகராதியைப் பாருங்கள்: உயர்ந்தவர் தானாக இறங்கிவந்து, தாழ்ந்தவரோடு சமமாகப் பழகுவது. காலின்ஸ் மனதாரப் புகழ்கிறார். நகைப்பு ஆஸ்டினுடையது, காலின்ஸுடையது அல்ல. இந்த ஒரு வார்த்தையைத் தவறாகப் பிடித்தால் ஐரனி (சொல்வது ஒன்று, உணர்த்துவது வேறு) பற்றிய கேள்விக்கான விடை முழுதும் தலைகீழாகும். அதே நாவலின் 'கேண்டர்' மனதில் பட்டதைப் பட்டென்று சொல்வதல்ல, பிறரை நல்லவிதமாகவே எண்ணும் குணம். 'எம்மா' நாவலில் வண்டிக்குள் மிஸ்டர் எல்டன் 'மேக்கிங் வயலன்ட் லவ்' என்று வரும் இடத்தில் வகுப்பே சிரிக்கும். அவர் செய்வது வெறும் காதல் வசனம்.

ஆக, விதி இதுதான். பாடநூலின் முதல் பக்கத்தில் அந்தப் படைப்பு முதன்முதலில் வெளிவந்த ஆண்டை எழுதுங்கள். ஒரு வாக்கியம் லேசாகக் கோணலாகப் பட்டால், அதில் மிக எளிதாகத் தெரியும் வார்த்தையை முதலில் சந்தேகியுங்கள்.

எந்த அகராதி என்பதும் முக்கியம். மாணவர்களுக்கான அகராதி இன்று அதிகம் புழங்கும் பொருளை முதலில் தரும். ஆக்ஸ்போர்டு பேரகராதி பழைய பொருளிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டுடன் மேற்கோள்கள் இருக்கும், வழக்கொழிந்த பொருளுக்கு முன்னால் சிறு கத்திக் குறி இருக்கும். அங்கே முதல் பொருளை அப்படியே எடுத்து எழுதுவது பெரிய கோளாறு. உங்கள் நூலின் ஆண்டுக்கு முன்னும் பின்னும் மேற்கோள் உள்ள பொருளைத் தேடி எடுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டுப் பாடங்களுக்கு ஜான்சன் போதும், இணையத்தில் இலவசமாகத் தேடலாம்.

நோட்டில் தனி வார்த்தையை எழுதாதீர்கள். ஒரு பதிவில் இருக்க வேண்டியவை: வார்த்தை வரும் முழு வரி, நூலும் ஆண்டும், அந்த இடத்துப் பொருள், கடைசியாக ஆசிரியர் போட்டிருக்கக்கூடிய, ஆனால் போடாத வேறொரு வார்த்தை. இந்தக் கடைசிக் கட்டம்தான் விடையாக மாறும். 'மெலன்கலி', 'விஸ்ட்ஃபுல்', 'ரூஃபுல்', 'பிளெயின்டிவ்', 'எலிஜியாக்' ஐந்துக்கும் 'சோகமான' என்று எழுதிவைத்தால் விடைத்தாளிலும் ஐந்தும் ஒன்றுதான். விஸ்ட்ஃபுல் என்றால் கிடைக்காததன் மேல் ஏக்கம். ரூஃபுல் என்றால் தன் செயலை நினைத்து வருந்துவது, ஓரத்தில் லேசான புன்னகைகூட இருக்கலாம். பிளெயின்டிவ் பெரும்பாலும் குரலுக்கு, ஒலிக்கு. எலிஜியாக் என்றால் இழந்ததற்கான இரங்கல். அன்சீன் (பாடத்தில் இல்லாத, முன்பின் படிக்காத) கவிதையின் டோன் (உணர்வுத் தொனி) பற்றிய கேள்வியில் இந்த வேறுபாட்டுக்குத்தான் மதிப்பெண். டோன் வார்த்தைகள் நாற்பது போதும், ஆனால் நாற்பதையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பிரிக்கத் தெரிய வேண்டும்.

எண்ணிக்கை: ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். மறுபார்வை அடுத்த நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், மூன்று வாரம் கழித்து. மறுபார்வை அட்டைகளுக்கான அன்கி செயலியில் போட்டாலும் அட்டையின் முன்பக்கம் முழு வரி இருக்கட்டும். வெறும் வார்த்தையைப் போட்டால் அட்டையைத்தான் அடையாளம் கண்டுகொள்வீர்கள், நூலில் வரும்போது வார்த்தையை அல்ல. முதல் வாசிப்பில் அகராதி கூடாது, பென்சில் கோடு மட்டும். வாசிக்கும் பகுதியில் 98 சதவீதம் தெரிந்திருந்தாலும் 300 வார்த்தைப் பக்கத்தில் ஆறு தெரியாமல் போகும். ஆறையும் தோண்டினால் நாவல் முடியாது. திரும்பத் திரும்ப வருவது, வாக்கியத்தின் பொருளே தொங்கிக்கொண்டிருப்பது, இந்த இரண்டு வகையை மட்டும் எடுங்கள்.

கோக்ஸ்ஹெட் தொகுத்த கல்வித்துறைச் சொற்பட்டியலான அகடெமிக் வேர்ட் லிஸ்ட் பற்றிக் கட்டாயம் யாராவது சொல்வார்கள். 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதன் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்). கல்வித்துறை எழுத்தில் சுமார் 10 சதவீதம் அதுவே; கதை எழுத்திலோ 1.4 சதவீதம்தான். விமர்சனக் கட்டுரை படிக்க உதவும், நாவலுக்கு உதவாது. இரண்டையும் ஒரே நோட்டில் கலக்காதீர்கள்.

வேர்ச்சொல் வைத்து ஊகிப்பது எனக்குப் பிடிக்காத முறை. சிலருக்குக் கைகொடுக்கிறது, இருக்கட்டும். ஆனால் 'எனர்வேட்' வலுவூட்டுவதல்ல, வலுவிழக்கச் செய்வது. 'நாய்சம்' சத்தமல்ல, நாற்றம். 'ரெஸ்டிவ்' ஓய்வல்ல, இருப்புக்கொள்ளாமை. 'மெரிட்ரிஷஸ்' தகுதியல்ல, போலிப் பகட்டு. 'டிஸ்இன்ட்ரஸ்டட்' அக்கறையின்மை அல்ல, நடுநிலை.

விடை எழுதும் வார்த்தைகளுக்கு வருவோம். பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல் முக்கியம். 'ஷோஸ்' என்பதையே பதினைந்து முறை எழுதாமல் இருக்க இருபது வினைகள் போதும். அவற்றை யார் செய்கிறார், பின்னால் என்ன வருகிறது என்பதோடு சேர்த்தே படியுங்கள்.

இம்ப்ளை - எழுத்து குறிப்பாக உணர்த்துவது. இன்ஃபர் - வாசகர் ஊகிப்பது.
இவோக் - உணர்வை எழுப்புவது. இன்வோக் - தெய்வத்தை, மரபை அழைப்பது.
ஆம்பிகுவஸ் - பல பொருள் படும் வரிக்கு. ஆம்பிவலன்ட் - இரு பக்கமும் இழுபடும் மனநிலைக்கு.
பிளாங்க் வெர்ஸ் - வரி முடிவில் இயைபு (ரைம்) இல்லை, சீரான சந்தம் உண்டு. ஃப்ரீ வெர்ஸ் - நிலையான சந்தமும் இல்லை.
டிஸ்கஸ், போர்ட்ரே - பின்னால் 'அபவுட்' வராது. எம்ஃபசைஸ் - பின்னால் 'ஆன்' வராது.

கடைசி வரியை எத்தனை முறை சொன்னாலும் அந்தத் தவறு விடைத்தாளில் வந்து நிற்கும். எழுதி முடித்ததும் அதை மட்டும் தேடி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

வைவா (வாய்மொழித் தேர்வு) இருந்தால் உச்சரிப்பு: ஹைபர்பலி (மிகைக்கூற்று), எபிட்டமி (ஒன்றின் முழு உருவான எடுத்துக்காட்டு), சினெக்டகி (பகுதியைச் சொல்லி முழுதைக் குறிப்பது). 'ஹைபர்போல்' என்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

தேர்வுக்கு முந்தைய மூன்று வாரம் புது வார்த்தை வேண்டாம். அன்சீனில் தெரியாத வார்த்தை வந்தால் அந்த வரியை மேற்கோள் காட்டாதீர்கள். அருகில் 'பட்', 'யெட்', 'தோ' இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதன் மறுபக்கத்தில் இருப்பதற்கு எதிரான பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம். அதுவும் பிடிபடவில்லை என்றால் ஒலி, வரி உடைப்பு பற்றி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.