காற்று நின்றால்தான் லைட்டு

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடிப்பெருக்குக் கூட்டம் வடிந்துவிட்ட கும்பகோணம். பழைய பித்தளைக் கடையில், நசுங்கிய அண்டாக்களுக்குப் பின்னால் ஒரு பெட்ரோமாக்ஸ் லைட்டு சாய்ந்து கிடந்தது. உண்மையில் அது பிரபாத். எங்கள் பக்கம் எந்தக் கம்பெனி லைட்டாக இருந்தாலும் பெட்ரோமாக்ஸ்தான். பம்பு இறுகியிருந்தது, கண்ணாடி இல்லை, டேங்கின் தோளில் ஒரு நசுங்கல். புள்ளி புள்ளியாக '7' என்று வெட்டியிருந்தார்கள். வாடகைக்கு ஓடிய லைட்டாக இருக்கும்.

அதற்குப் பக்கத்திலேயே கண் கூசும்படி மினுக்கிய இன்னொன்று. உள்ளே எல்இடி பல்பு, பின்னால் வயர். ஹோட்டல்காரர்கள் வாங்கிப் போகிறார்களாம். "இதையும் அப்படிப் பண்ணித் தந்துடுறேன் சார், டேங்க்ல ஒரு ஓட்டை போட்டா வயரு இறங்கிடும்" என்றார் கடைக்காரர். வேண்டவே வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எடைக்குக் கேட்டதற்கு மசியவில்லை, 1,800 ரூபாய்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

எதற்கு இந்தக் குப்பை என்று வீட்டில் கேள்வி. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்துவிட்டுப் போன பிறகு மன்னார்குடிப் பக்கம் எத்தனை ஊர் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தது என்று சொன்னேன். சார்ஜ் லைட்டெல்லாம் முதல் இரண்டு ராத்திரிக்குத்தான். அதற்குப் பிறகு சார்ஜ் போடக் கரண்ட் வேண்டுமே. வாதம் எடுபட்ட மாதிரி தெரியவில்லை. உள்ளபடி சொன்னால், எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். எரியும்போது வருகிற 'உஸ்ஸ்'.

ஆகஸ்ட் 10, சனி

பிரித்துப் போட்டேன். மேலே தொப்பி, அதற்குள் கலவைக் குழாய், களிமண் மூக்கு, கீழே ஆவிக்குழாய், அதன் நுனியில் நிப்பிள், நிப்பிளின் துளைக்குள் ஏறி இறங்கும் மயிரிழை போன்ற பின். டேங்கில் பம்பு, மூடியோடு சேர்ந்த பிரஷர் மீட்டர், காற்றுத் திருகு. பெர்லினில் எரிஷ் - கிரேட்ஸ் கம்பெனியின் மாக்ஸ் கிரேட்ஸ் நூறு வருஷத்துக்கு முன்னால் கொண்டுவந்த அமைப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை.

டேங்கிலிருந்து கோந்து மாதிரி பழுப்பாக ஏதோ வந்தது. என்றைக்கோ ஊற்றிய மண்ணெண்ணெய் காய்ந்துபோன கசடு. புது மண்ணெண்ணெய் கொஞ்சம் விட்டுக் குலுக்கி ஊறவைத்திருக்கிறேன். எங்கள் கார்டுக்கு மண்ணெண்ணெய் கிடையாது, சிலிண்டர் இருக்கிறது. ரேஷனில் வரும் நீல எண்ணெய்க்கு ஆசைப்படாமல், வெளி விற்பனையில் கிடைத்த வெள்ளை எண்ணெயைத் துணியில் வடிகட்டி வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

தெருக்கோடி மாமாவைக் கூட்டிவந்தேன். அந்தக் காலத்தில் கல்யாண ஊர்வலம், சுவாமி புறப்பாடு, ராத்திரி நாடகம் எல்லாவற்றுக்கும் லைட்டு வாடகைக்கு விட்டவர். நான் புளியும் சாம்பலும் எடுத்து வைத்திருந்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"மினுக்குறது கடைசி வேல தம்பி. மொதல்ல காத்து நிக்குதான்னு பாரு."

பம்புக் கோலை உருவினார். தோல் வாஷர் சருகாகியிருந்தது. பம்ப் ஸ்டவ்வுக்கு விற்கிற வாஷரே இதற்கும் சேரும் என்றார். பழைய சாமான் கடை ஒன்றில் கிடைத்தது. தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து, ஓரத்தை விரலால் விரித்துவிட்டு மாட்டினோம். கோல் இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் அமுக்கிய கையை எடுத்தால் தானாக மேலே எழும்புகிறது. பம்பின் அடியில் காற்றை உள்ளே விட்டுத் திரும்ப விடாமல் பிடிக்கிற வால்வு ஒன்று உண்டு. அதன் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். குழாய்க்குள் அவ்வளவு ஆழத்தில் இருப்பதைக் கழற்ற மாமா ஒரு நீளக் கம்பியின் நுனியைச் சுத்தியால் தட்டி, அங்கேயே ஆயுதம் செய்தார். ரப்பரையும் சைக்கிள் கடையிலிருந்து வந்த ஒரு துண்டில் வெட்டிப் போட்டார்.

காற்று ஏற்றி டேங்கை வாளித் தண்ணீரில் அமுக்கினோம். நசுங்கல் பக்கம் ஒன்றுமில்லை. அடித்தட்டின் விளிம்பில் மட்டும் பொடிப்பொடியாகக் குமிழி.

ஆகஸ்ட் 17, சனி

நாச்சியார்கோவில். குத்துவிளக்கு வார்க்கிறவர்களின் ஊரில் பித்தளைக்கு வைத்தியம் தேட வேண்டியதில்லை. பட்டறைக்காரர் டேங்கை மோந்து பார்த்துவிட்டு, முதலில் சுடுதண்ணீர் விட்டு அலசி, பிறகு தண்ணீர் நிரப்பியே வைத்தார். மண்ணெண்ணெய் ஆவி தங்கிய டேங்கில் சூட்டுக்கோலை வைத்தால் வெடித்துவிடும். ஓட்டை மட்டும் தண்ணீருக்கு மேலே வருமாறு கவிழ்த்துப் பிடித்து ஈயம் பற்றவைத்தார். நசுங்கலை எடுத்துத் தரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். தட்டித் தட்டி எடுத்தால் தகடு மெலியும், உள்ளே நிற்கப்போவது அழுத்தம்.

ஆகஸ்ட் 24, சனி

எண்ணெயைத் திறந்து மூடுகிற சாவித் தண்டின் கசிவுக்குக் கிராஃபைட் கயிறு சுற்றினேன், புதுப் பின் போட்டேன். மேண்டில்தான் கிடைக்க இழுத்தடித்தது.

மேண்டிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெறும் வலைத்துணிதான் அது. ஆனால் முதல் தடவை கொளுத்தியதும் நூல் எரிந்துபோய், அதில் ஊறிய உப்பின் ஆக்சைடு மட்டும் கூடாக நிற்கும். ஒளிர்வது அந்தக் கூடுதான். ஆஸ்திரியாவின் கார்ல் அவுவர் 1891-ல் பிடித்த கலவை: 99 பங்கு தோரியம், ஒரு பங்கு சீரியம். அந்தத் தோரியத்துக்காகத்தான் ஜெர்மானியர்கள் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலை அள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே மோனசைட் என்ற தோரியத் தாது இருப்பதை 1909-ல் கண்டவர் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர். குமரி மணல் பெர்லின் போய் லைட்டாகித் திரும்பி வந்த கதை! தோரியத்துக்குக் கதிரியக்கம் உண்டு என்பதால் இப்போது பல கம்பெனிகள் யிட்ரியத்துக்கு மாறிவிட்டன. நான் வாங்கியதில் எது என்று அட்டையில் எழுதவில்லை. வெளியில் வைத்துத்தான் கொளுத்துவேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

சாயங்காலம், வாசலில். கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தினோம். ஆவிக்குழாய் நன்றாகச் சூடேறினால்தான் எண்ணெய் உள்ளேயே ஆவியாகி, நிப்பிள் வழியாகச் சீறி, காற்றை இழுத்துக்கொண்டு மேண்டிலுக்குப் போகும். சூடு பற்றாவிட்டால் பச்சை எண்ணெய் கொட்டி மஞ்சள் தீ எழும்பும். நான் சாவியில் கை வைக்க, மாமா தடுத்தார். "ஸ்பிரிட் அணையப் போவட்டும்." அணையும் தறுவாயில் காற்றுத் திருகை இறுக்கி, பம்பு அடித்து, சாவியைத் திறந்தார். ஒரு 'பக்', அப்புறம் வெள்ளை. எதிர்வீட்டுத் திண்ணை வரைக்கும் வெள்ளை. மீட்டர் முள் கொஞ்சம் இறங்கினால் வெளிச்சமும் இறங்குகிறது, நாலு பம்பு அடித்தால் ஏறுகிறது. ஒன்பது மணி வரை எரியவிட்டோம். ஈசல் வந்து கொட்டியது.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. தெருப் பையன்கள் ஊர்வலத்துக்கு லைட்டைக் கேட்டார்கள். தலையில் வைத்துத் தூக்க யாருக்கும் தெரியவில்லை. மாமா ஒருவனுக்குச் சும்மாடு சுற்றிக் காட்டினார். குலுங்கியதில் மேண்டில் உதிர்ந்துபோனது. அது போகத்தான் செய்யும். எனக்குக் கவலை கண்ணாடியைப் பற்றி. ஒன்றைத் தேடிப் பிடிக்கவே பெரும்பாடு. இன்னொன்று கைவசம் வைத்துக்கொண்ட பிறகுதான் அடுத்த ஊர்வலத்துக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். டேங்கை இன்னும் மினுக்கவில்லை.