துணைக்கால் தொலைந்த தீவு

எங்கள் குழுவில் ஐந்து பேர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி, இல்லாத ஊர்களில் இல்லாத பூதங்களோடு சண்டை போடுவோம். ஒருவன் திருடன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் வைத்தியம் தெரிந்த பூசாரி, இன்னொருவர் கோடரி தூக்கிய குள்ளர். நான் கேம் மாஸ்டர். அதாவது மிச்சம் இருக்கிற எல்லாமும் நான்தான்: அரசன், ஓநாய், மழை, சத்திரக்காரன், அவன் வீட்டு நாய்.

இந்த விளையாட்டுகளுக்கெல்லாம் தாத்தா ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்டது. அந்த முதல் பெட்டியின் விதிப் புத்தகமே, காடு மேடு சுற்ற வேண்டுமென்றால் ‘அவுட்டோர் சர்வைவல்’ என்ற வேறொரு விளையாட்டின் பலகையை வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னது. முன்னோடிகளே இரவல் வரைபடத்தில் காலம் தள்ளியிருக்கிறார்கள். எனக்கு அந்த அடக்கம் இல்லை. புது ஆட்டத்துக்கு ஒரு கண்டத்தையே கையால் வரைவேன் என்று அறிவித்துவிட்டேன்.

கடற்கரைக்கு ஒரு சுலபமான வழி உண்டு. கையில் இருக்கிற பகடைகளை எல்லாம் அள்ளித் தாளில் கொட்டி, விழுந்த குவியலைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுக்க வேண்டும். மனிதக் கை வரைந்தால் கரை ஒழுங்காக வளைந்து வளைந்து போகும். பகடைக்கு அந்த நாகரிகம் கிடையாது. இரண்டு பகடை உருண்டு அலமாரிக்கு அடியில் போய்விட்டன. என் கண்டத்துக்கு வடகிழக்கில் தீவுகள் இல்லாததற்கு அதுதான் காரணம். ஆட்டத்தில் கேட்டால் பழங்கால நிலநடுக்கம் என்று சொல்லிக்கொள்வேன்.

அப்புறம் மலைகள். கூடாரம் மாதிரி ஒரு வடிவம் போட்டு, ஒரு பக்கம் மட்டும் சரிவாக நிழல் கோடுகள். முதல் பத்து மலையை ரசித்து வரைந்தேன். நூறாவது மலையில் இந்த நாடு ஏன் சமவெளியாக இருந்திருக்கக்கூடாது என்று தோன்றியது. எல்லாம் முடிந்து மை நன்றாகக் காய்ந்த பிறகு, பழைய தாள் போலத் தெரியட்டும் என்று தேயிலைத் தண்ணீரைப் பூசினேன். நிறம் அருமையாக வந்தது. தாள்தான் நெளிந்துவிட்டது. இன்றைக்கும் வரைபடத்தின் மேல் எங்கே பகடை உருட்டினாலும் அது தலைநகரத்துப் பள்ளத்தில்தான் போய் நிற்கிறது.

முதல் நாள் தாளை விரித்ததும் எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் பார்த்தார்கள். மூன்று வார உழைப்புக்கு அந்த ஒரு நிமிடம் போதும். அதற்கு மேல் கிடைக்கவும் இல்லை.

“இந்த ஆறு ஏன் இரண்டாகப் பிரிகிறது?” என்றார் பூசாரி. நிஜ வாழ்க்கையில் அவர் புவியியல் படித்தவர் என்பது எனக்கு நினைவில்லாமல் போயிற்று. “தண்ணீர் பள்ளம் பார்த்து இறங்கும். இறங்குகிற வழியில் ஒன்றோடொன்று சேரும். பிரிவதென்றால் கழிமுகத்துப் பக்கம்தான் பெரும்பாலும் பிரியும். உன் ஆறு நடு மலையில் பிரிந்து, ஒரு கை கிழக்குக் கடலுக்கும் ஒரு கை மேற்குக் கடலுக்கும் போகிறதே?”

அன்றிரவே தேடி ஒரு சாட்சியைப் பிடித்தேன். வெனிசுவேலாவில் காசிக்கியாரே என்று ஒரு ஆறு. ஒரினோகோ ஆற்றிலிருந்து பிரிந்து, முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி, அமேசானின் கிளையான ரியோ நீக்ரோவில் போய்ச் சேர்கிறது. 1800இல் ஹம்போல்ட் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அதன் வழியே படகில் போய்ப் பார்த்திருக்கிறார். இதை வெற்றிக் களிப்போடு அனுப்பினேன். பூசாரியிடமிருந்து ஒரே வரி வந்தது: “அதைப் பெரிய அதிசயம் என்று சொல்லித்தான் பாடம் எடுப்பார்கள். நீ ஒரே தாளில் ஐந்து வரைந்திருக்கிறாய்.”

சரி, ஆறு போகட்டும். நான் உண்மையில் காத்திருந்தது தென்மேற்கு மூலையில் இருந்த தீவுக்காக. அதன் பெயர் நாகத்தீவு. அங்கே ஒரு பாம்புக் கோயில், சுருண்டு சுருண்டு போகும் சுரங்கப் பாதை, நடுவில் நாக அரசன். கோயிலுக்குத் தனித் தாள் போட்டிருந்தேன்: ஒரு அங்குலக் கட்டம் ஒன்றுக்கு ஐந்து அடி, நீளவாக்கில் முப்பது கட்டம், அகலத்தில் இருபத்து நான்கு. பொம்மைகளை அப்படியே நிறுத்தி விளையாடலாம். பாம்புகளுக்கு மட்டும் நோட்டில் பதினோரு பக்கம்.

திருடன் தாள் மேல் குனிந்து விரல் வைத்துப் படித்தான். “ந... க... த்தீவு. நகத்தீவா? யாரோட நகம்டா?”

எட்டிப் பார்த்தேன். படங்களை வரைந்து முடித்துவிட்டுக் கடைசியில் பெயர் எழுதினால் இதுதான் கதி. எழுத்தை முதலில் எழுதி, அதைச் சுற்றித்தான் மலையும் அலையும் வரைய வேண்டும். தலைகீழாகச் செய்திருந்தேன். ‘நா’வின் துணைக்கால் சரியாக மலையடிவாரத்தின் மேல் விழுந்து, நிழல் கோடுகளில் அதுவும் ஒன்றாகிப் போயிருந்தது. எழுதிய எனக்கே தேடித்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

“அது எழுத்துப்பிழை, நாகத்தீவு” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஆறு விஷயத்தில் ஏற்கெனவே மூக்கு உடைந்திருந்தது. ஒரே மாலையில் இரண்டு தடவை என்றால் தாங்காது. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, “ஒரு ராட்சசனோட நகம்” என்றேன்.

“எந்த விரல்?” என்றார் குள்ளர்.

“கட்டைவிரல்.”

இதை ஏன் சொன்னேன் என்று இதுவரை தெரியவில்லை. ஆனால் நான்கு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தலைநகரம், சபிக்கப்பட்ட காடு, நான் நாவலே எழுதலாம் என்று நினைத்திருந்த வடக்குக் கோட்டை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு “படகு எங்கே கிடைக்கும்?” என்று கேட்டார்கள். நல்லவேளை, படகுக்காரனோடு விலை பேசவே ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். படகுக்காரன் நான்தான் என்பதால் என்னாலும் கொஞ்சம் இழுக்க முடிந்தது. தூரம் அளக்க வரைபடத்தின் மேல் அறுகோணக் கட்டங்கள் போட்டிருந்தேன்; துறைமுகத்திலிருந்து தீவு பத்து அறுகோணம் தள்ளி. ஒரு அறுகோணம் ஆறு மைல். (இந்த அளவு எனக்குப் பிடிக்கும். திறந்த வெளியில் நிற்கிற மனிதனுக்கு அடிவானம் சுமார் மூன்று மைல்; ஆகவே கட்டத்தின் நடுவில் நின்றால் அதன் ஓரம் வரை தெரியும்.) அறுபது மைல் கடல் என்று சொல்லி, பாய் விரித்ததோடு அன்றைய ஆட்டத்தை முடித்தேன்.

இரண்டு வாரம் இருந்தது. பதினோரு பக்கப் பாம்பும் இருந்தது. நகத்துக்கு ஒரு வரி கூட இல்லை.

எனக்கு ஆறுதலாக இருந்தவர் ஜேம்ஸ் ரென்னல். பெரிய நிலவரைபட வல்லுநர். 1798இல் அவர் வரைந்த வரைபடத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் குறுக்கே காங் மலைத்தொடர் என்று ஒன்றை இழுத்துவிட்டார். அப்படி ஒரு மலைத்தொடரே அங்கே கிடையாது. ஆனாலும் அடுத்தடுத்து வந்தவர்கள் அதைப் பார்த்து வரைந்துகொண்டே போனார்கள். பிஞ்ஜே என்ற பிரெஞ்சு அதிகாரி அந்தப் பக்கம் நேரில் போய்வந்து 1889இல் ‘அப்படி எதுவும் இல்லை’ என்று சொல்லும்வரை, கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் அந்த மலை காகிதத்தில் நின்றது. ரென்னலுக்கு ஒரு மலைத்தொடரையே மன்னித்த உலகம் எனக்கு ஒரு துணைக்காலை மன்னிக்காதா?

வழி பிறந்தது கோயில் தாளிலிருந்துதான். மேசையில் அதை விரித்து முறைத்துக்கொண்டிருந்தேன். மை ஒட்டிய கட்டைவிரலோடு எப்போதோ தாளைப் பிடித்திருக்கிறேன்; ஓரத்தில் ஒரு ரேகை பதிந்திருந்தது. நடுவில் ஒரு சுழி, அதைச் சுற்றிச் சுற்றி வரிகள். பக்கத்திலேயே என் பாம்புச் சுரங்கம்: நடுவில் ஒரு சுழி, அதைச் சுற்றிச் சுற்றிப் பாதை. இரண்டும் ஒன்று. கோயிலை இடிக்க வேண்டியதே இல்லை. அது ராட்சசனின் கைரேகை. சுரங்கப் பாதை என்பது ரேகைக்கு இடையே இருக்கிற பள்ளம். தீவு என்பது கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைவிரல் நுனி.

சரி, நாக அரசனை என்ன செய்வது? அதற்கும் ஒரு நொடிதான் ஆயிற்று. அவனுடைய பலம், விஷம், பல் கணக்கு எதையும் மாற்றாமல் பெயரை மட்டும் அடித்துவிட்டு எழுதினேன்: நகச்சுத்தி.

அடுத்த ஆட்டம் நான் நடத்தியதிலேயே சிறந்தது என்று சொல்வேன். நகக்கண்ணில் ஒரு பெரும்புழு குடியிருக்கிறது. வலி தாங்காமல் ராட்சசன் முனகுவதைத்தான் மீனவர்கள் இடி என்று நினைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் பூசாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. வாழ்நாளில் முதல்முறையாக அவருக்கு அளவுக்கேற்ற நோயாளி. குள்ளர் கோடரியால் கீறினார், மந்திரவாதி நெருப்பால் சுட்டார், பூசாரி கட்டுப் போடப் படகின் பாயையே கிழித்தார். எல்லாம் முடிந்து தீவு மெல்ல ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. நன்றி சொல்கிறதாம்.

எனக்கு மீசையில் மண் ஒட்டவில்லை என்று நானும் மூச்சு விட்டேன். அப்போதுதான் மந்திரவாதி கேட்டார்: “மீதி ஒன்பது விரல் எங்கே?” கேட்டுவிட்டு அவரே பென்சிலை எடுத்து, என் தெற்குக் கடலில், நான் மூன்று வரிசை அலைக்கோடு போட்டு அழகாக விட்டிருந்த வெற்றிடத்தில், வளைவாக நான்கு புள்ளி வைத்தார். அடுத்த கை வேறு கடலில் இருக்குமாம்.

இந்தக் களேபரத்தில் திருடன் என் நோட்டை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தான். முதல் பக்கத் தலைப்பில் அவன் கண் நின்றதைப் பார்த்தேன். அங்கே கொட்டை எழுத்தில் ‘நாகத்தீவு’. எனக்கு வியர்த்துவிட்டது.

அவன் தலையை ஆட்டிக்கொண்டே ரப்பரை எடுத்தான். “இங்க ஒரு கால் கூடுதலா போட்டு வெச்சிருக்க, பாரு” என்று சொல்லி, பொறுப்பாக அழித்துக் கொடுத்தான்.