பத்துக்கு ஆறா, பதினொன்றுக்கு ஐந்தா?

வட சென்னையில் ‘காத்தாடி’ என்றால் நூல் கட்டி ஏற்றும் பட்டம்தான். அதனால் மாதிரி விமானத்தின் மூக்கில் சுழலும் பொருளைப் புரொப்பெல்லர் என்றே எழுதுகிறேன். அதன் மேல் 10x6 என்று அச்சிட்டிருந்தால், முதல் எண் குறுக்களவு, இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். பிட்ச் என்பது, வழுக்கலே இல்லாமல் திருகாணி மரத்தில் இறங்குவதுபோல, ஒரு சுற்றில் அது முன்னேறக்கூடிய தூரம்.

என்னிடம் இருப்பது ‘40’ அளவு குளோ எஞ்சின் (பழுக்கக் காயும் கம்பிச்சுருளால் எரிபொருளைப் பற்றவைப்பது), அதாவது 0.40 கன அங்குலம், ஏறக்குறைய 6.5 சிசி. இந்த அளவுக்கு வழக்கமாகப் போடுவது 10x6 அல்லது 11x5. நானோ பெரிதாகப் போட்டால் இழுவை கூடும் என்று எண்ணி 11x7 வாங்கி மாட்டினேன். வியாசர்பாடியில் மாமாவின் லேத் பட்டறை வாசலில் எஞ்சினைத் தாங்கியில் பூட்டி ஓட்டியபோது, பெரம்பூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற அவர், கருவி எதையும் பார்க்காமலே, “என்னடா இது, பேசின் பிரிட்ஜ் ஏத்தத்துல மீன்பாடி வண்டி மிதிக்கிற மாதிரி மூச்சு வாங்குது?” என்றார். நான் கேட்கவில்லை. சுற்று குறைகிறதே என்று, எரிபொருள் வரத்தைக் கட்டுப்படுத்தும் ஊசியை மேலும் இறுக்கி எரிபொருளைக் குறைத்தேன். குளோ எஞ்சினுக்கு எண்ணெய் எரிபொருளோடு கலந்தே வருகிறது. எரிபொருளில் உள்ள மெத்தனால் ஆவியாவதுதான் குளிர்ச்சியும் தருகிறது. ஊசியை இறுக்கினால் இரண்டும் ஒருசேரக் குறையும். மீஞ்சூரைத் தாண்டி, அறுவடை முடிந்த வயலில், விமானம் ஏறத் தொடங்கிய சில நொடிகளில் எஞ்சின் சூடேறி நின்றுபோனது. நேராக இறக்க முடிந்ததால் சக்கரக் கம்பி வளைந்ததோடு தப்பித்தேன்.

பிறகுதான் கணக்குப் போட்டேன். சுற்று வேகம் மாறாதிருக்க, எஞ்சின் மேல் விழும் சுமை தோராயமாகக் குறுக்களவின் நான்காம் அடுக்கோடும் பிட்ச்சோடும் பெருகுகிறது. 10 அங்குலம் 11 ஆகும்போதே சுமை 1.46 மடங்காகிவிடும், பிட்ச்சையும் 6லிருந்து 7 ஆக்கினால் 1.7 மடங்கு. ‘குறுக்களவில் ஓர் அங்குலம் கூட்டினால் பிட்ச்சில் ஓர் அங்குலம் குறை’ என்று பழகியவர்கள் சொல்லும் விதிகூட முழுச் சமன் அல்ல. 10x6க்குப் பதில் 11x5 போட்டால் சுமை ஐந்தில் ஒரு பங்கு கூடவே செய்யும். ஆனால் அதை அந்த எஞ்சின் தாங்கும்.

அளந்து பார்க்க, ஒளியின் துடிப்பை எண்ணி நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் டாக்கோமீட்டர் வேண்டும். அது சரியாகக் காட்டுகிறதா என்பதைப் பழைய சோக் வைத்த டியூப்லைட்டிலேயே சோதிக்கலாம்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது, புரொப்பெல்லருக்கு இரண்டு இலை (சிறகு) என்று கருவியில் வைத்துக் காட்டினால் 3000 வர வேண்டும். பட்டறை விளக்கில் எனக்கு அதுவே வந்தது. ஆனால் எஞ்சின் ஓடும்போது அந்த விளக்கை அணைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில்தான் அளக்க வேண்டும். இல்லையென்றால் விளக்கின் துடிப்பையும் சேர்த்து எண்ணிவிடும். நிமிடத்துக்கு 10x6 சுமார் 12,000 சுற்றும், 11x5 சுமார் 11,300 சுற்றும் காட்டின. பிட்ச்சைச் சுற்றால் பெருக்கி, அதை 0.001524ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற பிட்ச் வேகம் வரும்: முன்னதற்கு 110, பின்னதற்கு 86.

என்னுடையது, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே போனால் தூக்குவிசை இழக்கும் பயிற்சி விமானம். அந்த வேகத்தைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு பிட்ச் வேகம் இருந்தால் போதும் என்பது நடைமுறை விதி. ஆகவே 86தான் பொருத்தம். நீளம் குறைந்த வயலில் சீக்கிரம் மேலெழும்பவும், இறங்கும்போது வேகம் அடங்கவும் அகன்ற 11 அங்குலமே உதவும். ஒல்லிச் சிறகோடு விரைந்து பறக்கும் விமானமாக இருந்தால் 10x6ஐயே எடுத்திருப்பேன். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் குறைந்த சுற்றில் இழுக்கும் என்பதால் அதற்கு இன்னும் பெரியது போடலாம்.

தரையில் காட்டும் சுற்று காற்றில் அப்படியே நிற்காது. விமானம் முன்னே போகப் போகச் சுமை இறங்கிச் சுற்று ஏறும். அதனால் தரையில் உச்சச் சுற்றைக் கண்டதும் ஊசியைச் சற்றே திறந்துவிட வேண்டும். மாட்டுவதற்கு முன் புரொப்பெல்லரை மெல்லிய கம்பியில் கோத்து, தாழும் இலையின் பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்கிறேன். மரத்தாலானது என்றால், நம் ஊர்க் கடற்காற்றின் ஈரத்தில் ஊறிக் காயும்போது நட்டு தளர்ந்துபோகும். அதனால் ஒவ்வொரு முறையும், ஓட்டுவதற்கு முன் ஸ்பேனரைப் போட்டு ஒரு திருகு பார்த்துவிட்டு, சுழலும் வட்டத்துக்கு நேர் பக்கவாட்டில் யாரும் நிற்காதபடி விலக்கிய பிறகே எஞ்சினைக் கிளப்புகிறேன்.